வேர்முடிச்சின் உள்ளே நடப்பது என்ன? லேசர் கதிரால் செல்களைப் பிரித்தெடுத்து ஆராயும் முறை

தக்காளி நட்டு நாற்பது நாட்கள் ஆகின்றன. மேலுரம் இட்டாயிற்று, தண்ணீருக்கும் குறைவில்லை. ஆயினும் தோட்டத்தில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகச் செடிகள் வெளிறி, வளர்ச்சி குன்றி நிற்கின்றன. உச்சி வெயிலில் வாடிக் குழைந்து, பொழுது சாய்ந்ததும் சற்றே தலை நிமிர்கின்றன. உரம் போதவில்லை என்று எண்ணி இன்னும் ஒரு மூட்டை யூரியா வாங்குவோர் பலர். அந்தச் செடிகளில் ஒன்றை மண்வெட்டியால் வேரோடு பெயர்த்து, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். வேர் நெடுகிலும் கடுகு போலவும், மிளகு போலவும், சில இடங்களில் பட்டாணி அளவிலும் முடிச்சுகள் காணப்படும். இது வேர்முடிச்சு நூற்புழுவின் வேலை. இட்ட யூரியாவை எடுத்து மேலே அனுப்ப வேண்டிய வேர், புழுவுக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறது.

இந்த நூற்புழு நமக்குப் புதிதல்ல. நீலகிரியில் தேவாலா பகுதியின் தேயிலைத் தோட்டத்தில் இது இருப்பதை 1901ஆம் ஆண்டிலேயே பார்பர் என்ற தாவரவியல் அறிஞர் எழுதி வைத்தார். பின்னாளில் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க ஆராய்ச்சிக்கு அடித்தளம் இட்டவரும் இவரே. அதன் பிறகு நூற்றாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. தக்காளி, கத்தரி, வெண்டை, மிளகாய், பாகல், வாழை எனப் பல பயிர்களில் இன்றும் இதனால் இழப்பு ஏற்பட்டுக்கொண்டே இருக்கிறது. புழுவைக் கொல்லும் மருந்துகள் வந்தன. அவற்றுள் சில மனிதனுக்கே கேடாக முடிந்தன. டி.பி.சி.பி. என்ற மருந்தைத் தயாரித்த அமெரிக்கத் தொழிலாளர்களிடம் மலட்டுத்தன்மை ஏற்பட்டது 1977இல் தெரிய வந்து, அம்மருந்து கைவிடப்பட்டது. ஆகவே, செடியே புழுவை எதிர்த்து நிற்க வழி உண்டா என்று விஞ்ஞானிகள் தேடத் தொடங்கினர். அந்தத் தேடலில் அண்மைக் காலத்தில் பெரிதும் உதவிய கருவி ஒன்றைப் பற்றி இங்கு விளக்கப்படுகிறது.

புழு அமைக்கும் அடுப்படி

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழுவின் நீளம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத இப்புழு, ஈரமண்ணில் நீந்திச் சென்று வேர்நுனியை அடுத்த மென்மையான பகுதியில் உள்ளே நுழைகிறது. செல்களுக்கு இடையே ஊர்ந்து, வேரின் நடுவே உள்ள நீர்க்குழாய்த் திசுவை அடைந்து, அங்கு ஓரிடத்தில் தலையை நிலைநிறுத்துகிறது. வாயில் உள்ள ஊசி போன்ற உறுப்பால் அருகில் இருக்கும் சில செல்களைக் குத்தி, தன் சுரப்பி நீரை உள்ளே செலுத்துகிறது.

அதன் பிறகு நடப்பது வியப்புக்குரியது. குத்தப்பட்ட செல்கள் சாவதில்லை, பெருக்கத் தொடங்குகின்றன. உள்ளே இருக்கும் உட்கரு பல முறை பிரிகிறது. ஆனால் செல் மட்டும் இரண்டாகப் பிரிவதில்லை. இதனால் ஒரே செல்லுக்குள் பல பத்து உட்கருக்கள் சேர்ந்து, அது சாதாரண வேர்ச் செல்லைப் போல் சில நூறு மடங்கு பருத்துவிடுகிறது. இவற்றை இராட்சத செல்கள் என்பர். ஒரு புழுவின் தலையைச் சுற்றி ஐந்து முதல் எட்டு வரையே இத்தகைய செல்கள் இருக்கும். இவையே அப்புழுவின் அடுப்படி. வெளியே நாம் காணும் முடிச்சு, இவற்றைச் சுற்றிலும் வேரின் மற்றத் திசுக்கள் வீங்கியதால் உண்டாவதே.

இங்கு ஒரு முக்கியமான செய்தி உண்டு. இருப்பிடம் அமைத்துக்கொண்ட பெண்புழு நகரும் ஆற்றலை இழந்து, பேரிக்காய் வடிவில் பருத்து, அதே இடத்தில் கிடந்து நூற்றுக்கணக்கான முட்டைகளை இடுகிறது. வெப்பமான மண்ணில் ஒரு தலைமுறைக்கு ஏறத்தாழ ஒரு மாதமே ஆகும். அந்த ஐந்தாறு செல்கள் உருவாகாவிட்டால் புழு வேறிடம் தேடிப் போக முடியாது. பட்டினியால் சாக வேண்டியதுதான். ஆகவே புழுவின் பலவீனம் முழுவதும் அந்தச் செல்களில்தான் இருக்கிறது. அவற்றை அது எவ்வாறு தன் வசப்படுத்துகிறது என்று தெரிந்தால், அதைத் தடுக்கவும் வழி தெரியும்.

முடிச்சை அப்படியே அரைத்துப் பார்க்கக் கூடாதா?

உழவர்களிடம் இதைச் சொன்னால் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுவாகவே இருக்கும். நியாயமான கேள்விதான். விஞ்ஞானிகளும் முதலில் அதைத்தான் செய்தார்கள்.

ஒரு செடியின் எல்லாச் செல்களிலும் ஒரே மரபுச் செய்தி, டி.என்.ஏ. என்ற பொருளாக உள்ளது. இதைப் பதிவு அலுவலகத்தில் இருக்கும் மூலப் பத்திரத்திற்கு ஒப்பிடலாம். மூலப் பத்திரம் அலுவலகத்தை விட்டு வெளியே போவதில்லை. தேவைப்பட்ட பகுதிக்கு மட்டும் நகல் எடுத்து அதைக்கொண்டு காரியம் நடக்கும். செல்லிலும் அப்படியே. எந்த மரபணுவுக்கு வேலை இருக்கிறதோ அதற்கு மட்டும் நகல்கள் எடுக்கப்படும். இந்த நகலுக்கு ஆர்.என்.ஏ. என்று பெயர். வேர்ச் செல்லில் எடுக்கப்படும் நகல்கள் வேறு, இலைச் செல்லில் எடுக்கப்படுபவை வேறு. எனவே ஒரு செல்லில் எந்தெந்த நகல்கள் எவ்வளவு இருக்கின்றன என்று எண்ணினால், அந்தச் செல் அப்போது என்ன வேலையில் ஈடுபட்டிருக்கிறது என்பதை அறியலாம்.

முடிச்சை முழுதாக அரைத்தால் அதில் உள்ள ஆயிரக்கணக்கான செல்களின் நகல்களும் கலந்து விடுகின்றன. பலாப்பழத்தை முள்தோல், சடை, தண்டு, சுளை எல்லாவற்றோடும் சேர்த்து இடித்துச் சாறு பிழிந்தால் சுளையின் ருசி எப்படித் தெரியும்? அதுவும் ஒரு பெரிய பழத்தில் ஐந்தாறு சுளைகளே இருந்தால்? அத்துடன் இன்னொரு தொல்லையும் உண்டு. இராட்சத செல்களில் ஒரு மரபணு ஓசையடங்கி, சுற்றியுள்ள திசுவில் அதே மரபணு முழக்கமிட்டால், கூட்டிப் பார்க்கும்போது ஒன்றையொன்று ஈடுசெய்து, மாற்றமே இல்லை என்ற தவறான விடை கிடைக்கும். ஆகவே சுளையை மட்டும் தனியே எடுத்தாக வேண்டும்.

கத்தியாக மாறிய ஒளி

இவ்வாறு குறிப்பிட்ட செல்களை மட்டும் எடுக்கும் லேசர் முறை முதலில் மருத்துவத் துறையில் பிறந்தது. புற்றுநோய்க் கட்டியில் நோயுற்ற செல்களையும் நல்ல செல்களையும் பிரித்து ஆராய வேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் எம்மர்ட்-பக், லியோட்டா முதலான விஞ்ஞானிகள் இதற்கு ஒரு வழி கண்டு 1996இல் வெளியிட்டனர். பயிர்களில் இது கையாளப்பட்டது சில ஆண்டுகள் கழித்தே. 2003இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மக்காச்சோள முளையின் மேல்தோல் செல்களையும் நீர்க்குழாய்த் திசுவையும் இம்முறையில் தனித்தனியே எடுத்து ஒப்பிட்டார்கள். அடுத்த ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில் நூற்புழுவின் இராட்சத செல்களும் இவ்வாறு எடுக்கப்பட்டன.

செய்முறை வருமாறு. சிறு முடிச்சை வேரிலிருந்து வெட்டிய உடனே ஒரு கரைசலில் இட்டு, செல்கள் இருந்தது இருந்தபடியே நிற்குமாறு செய்கின்றனர். மூன்று பங்கு சாராயமும் ஒரு பங்கு அசெட்டிக் அமிலமும் கலந்த கரைசல் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. இதற்கு 'ஃபார்மர் கரைசல்' என்று பெயர். ஆங்கிலத்தில் ஃபார்மர் என்றால் உழவர் அல்லவா என்று நம்மவர்கள் மகிழலாம். ஆனால் அது ஃபார்மர் என்ற பெயருடைய ஆங்கிலத் தாவரவியலாரைக் குறிப்பது. பின்பு முடிச்சை மெழுகில் பதித்தோ, உறைய வைத்தோ, மைக்ரோடோம் என்னும் சீவும் கருவியால் மெல்லிய சீவல்களாகச் சீவுவார்கள். ஒரு சீவலின் தடிமன் சுமார் 10 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. நமது தலைமயிர்கூட இதைவிடப் பல மடங்கு தடிப்பானது.

சீவல்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நன்கு உலர்த்தி, நுண்ணோக்கியின் கீழ் வைக்கின்றனர். நுண்ணோக்கி காட்டும் உருவம் திரையில் பெரிதாகத் தெரிகிறது. பயிற்சி பெற்ற கண்ணுக்கு இராட்சத செல்கள் எளிதில் புலப்படும். ஆராய்ச்சியாளர் திரையில் அச்செல்லைச் சுற்றி, வரப்பு போடுவதுபோல் ஒரு கோடு வரைகிறார். அக்கோட்டின் வழியே மயிரிழையினும் மெல்லிய புறஊதா லேசர் கதிர் ஓடி, சீவலை அறுக்கிறது. அறுபட்ட துண்டு கீழே வைத்த சிறு குப்பியின் மூடியில் விழுகிறது. சில கருவிகளில் லேசரின் உந்துதலாலேயே அது மேலே எறியப்பட்டுக் குப்பியில் சேர்கிறது. முதன்முதலில் 1996இல் செய்யப்பட்ட முறை சற்று வேறானது. அதில் லேசர் அறுப்பதில்லை. சீவலின் மேல் வைத்த மெல்லிய பிளாஸ்டிக் ஏட்டை அகச்சிவப்பு லேசர் ஒரு புள்ளியில் மட்டும் உருக்க, அதன் கீழுள்ள செல் அதில் ஒட்டிக்கொள்கிறது. ஏட்டைத் தூக்கினால் செல்லும் கூடவே வரும். தாவரச் செல்களுக்குக் கெட்டியான சுவர் இருப்பதால் அறுத்தெடுக்கும் முறை வசதியானது என்றாலும், இரண்டும் வழக்கில் உள்ளன.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. உண்மையில் மிகுந்த பொறுமை தேவைப்படும் வேலை இது. ஒரு சீவலில் கிடைப்பது செல்லின் ஒரு வட்டத் துண்டே; ஆதலால் நூற்றுக்கணக்கில் துண்டுகள் சேர்க்க வேண்டும். ஆர்.என்.ஏ. மிக விரைவில் அழியக் கூடியது. அதைச் சிதைக்கும் நொதி நம் விரல்களிலேயே இருக்கிறது; கையுறை இல்லாமல் தொட்டால் நாள் முழுவதும் செய்த வேலை வீண். காற்றில் ஈரம் மிகுந்தாலும் சீவல் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கும். இவ்வளவு பாடுபட்டும் கிடைக்கும் ஆர்.என்.ஏ. மிகச் சொற்பம். விதைநெல்லைப் பெருக்குவதுபோல் அதைச் சோதனைச் சாலையில் பல மடங்கு பெருக்கிய பின்னரே, எந்த மரபணுவின் நகல் எவ்வளவு என்று கணக்கிட முடியும். ஒப்பிட்டுப் பார்க்க, நீர்க்குழாய்த் திசுவின் சாதாரண செல்களையும் அதே முறையில் எடுத்து ஆராய்வார்கள். இல்லாவிடில் கூடுதலா குறைவா என்று எதை வைத்துச் சொல்வது?

எதிர்பாராத விடை

புழு ஒரு செல்லைப் பல நூறு மடங்கு பெருக்க வைக்கிறது என்றால், அங்கே பல மரபணுக்கள் முடுக்கிவிடப்பட்டிருக்கும் என்றுதான் யாரும் எண்ணுவர். ஸ்பெயின் நாட்டில் டொலீடோ நகரத்து விஞ்ஞானிகள், கடுகு இனத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு செடியில், புழு நுழைந்த மூன்றாம் நாளில் இராட்சத செல்களை லேசரால் எடுத்து ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்டது தலைகீழாக இருந்தது. அச்செல்களில் பெருவாரியான மாற்றம் மரபணுக்கள் அடக்கப்பட்டதே. முழு முடிச்சையும் அரைத்துப் பெற்ற விடையோடு இதை ஒப்பிட்டபோது பெரும்பாலான மரபணுக்களில் இரண்டும் ஒத்துவரவில்லை. அதாவது, இத்தனை காலம் முடிச்சைப் பார்த்துச் சொன்னதில் பெரும்பகுதி சுற்றியிருந்த சடையின் கதை. சுளையின் கதை வேறு.

பின்னர் 2013இல் அதே குழுவினர் மற்ற விஞ்ஞானிகளுடன் சேர்ந்து தக்காளியில் இச்சோதனையைச் செய்தனர். நமக்கு நேரடித் தொடர்புடையது இதுதான். தக்காளியிலும் அராபிடாப்சிஸிலும் ஒரே மாதிரியாக அடக்கப்பட்ட மரபணுக்களில், லிக்னின் படிவதற்கு உதவும் மரபணுக்கள் முக்கிய இடம் பெற்றிருந்தன. லிக்னின் என்பது செல்லின் சுவரை விறைப்பாக்கி மரத்தன்மை தரும் பொருள். வெண்டைக்காய் முற்றினால் நார் விழுந்து கத்தி இறங்க மறுக்கிறதே, அது லிக்னின் சேர்வதால்தான். செல்லின் சுவர் அவ்வாறு விறைத்துவிட்டால் அது பெருக்க முடியாது. புழுவுக்கோ பெருத்த செல் வேண்டும். ஆகவே முதலில் அந்த வேலையை நிறுத்திவிடுகிறது.

லிக்னின் படிய உதவும் நொதியைத் தரும் டி.பி.எக்ஸ்.1 என்ற தக்காளி மரபணுவை அவர்கள் தனியே எடுத்துக்கொண்டு மேலும் சோதித்தனர். புழுவுக்கு இடங்கொடுக்கும் தக்காளியில் இது வெகுவாக அடங்கியிருந்தது. புழுவை எதிர்க்கும் தக்காளியிலோ, புழு தாக்கியதும் இது முடுக்கிவிடப்பட்டது. இத்துடன் நிற்காமல், இடங்கொடுக்கும் தக்காளியில் இம்மரபணு ஓயாமல் வேலை செய்யுமாறு மாற்றி அமைத்து, அதில் புழுவை விட்டுப் பார்த்தனர். இராட்சத செல்கள் முன்போல் பெருக்கவில்லை. புழுவின் இனப்பெருக்கமும் குன்றியது. ஒரு மரபணு அடங்கியிருக்கிறது என்று சொல்வதோடு விடாமல், அதை எழுப்பிக் காட்டியதே இந்த ஆராய்ச்சியின் சிறப்பு என்பது என் கருத்து.

நெல்லிலும் இதே கதைக்கு இன்னொரு பக்கம் உண்டு. புழுதி விதைப்பிலும், நீர் தேக்காமல் சாகுபடி செய்யும் நெல்லிலும் மெலாய்டோகைன் கிராமினிகோலா என்ற நூற்புழு பெருகி, வேரின் நுனியைத் தூண்டில் முள்போல் வளைந்து வீங்கச் செய்கிறது. பெல்ஜியம் நாட்டு கென்ட் பல்கலைக்கழகத்தார் இதன் இராட்சத செல்களை லேசரால் எடுத்து 2013இல் வெளியிட்ட முடிவின்படி, செடியின் தற்காப்பு மரபணுக்களில் பெரும்பாலானவை அங்கே அடக்கப்பட்டிருந்தன. அதே சமயம், உணவுப் பொருட்களை உண்டாக்கும் அன்றாட வேலைகள் முடுக்கிவிடப்பட்டிருந்தன. இன்னொரு விந்தை: வெளிச்சமே படாத அந்த வேர்ச் செல்களுக்குள், இலைகளில் காணும் பச்சையத் துகள்களைப் போன்ற அமைப்புகள் தென்பட்டன! காவலாளியைத் தூங்க வைத்துவிட்டு, சமையற்காரரை மட்டும் எழுப்பி வேலை வாங்கும் திருடனைப்போல் புழு நடந்துகொள்கிறது.

எதிர்ப்பு ரகம் என்றால் போதுமா?

புழுவை எதிர்க்கும் தக்காளி என்று மேலே சொன்னது எம்.ஐ. என்ற மரபணு உள்ள தக்காளியை. இது தென் அமெரிக்கக் காட்டுத் தக்காளி ஒன்றிலிருந்து 1940களில் கலப்பின முறையில் பயிரிடும் தக்காளிக்குக் கொண்டுவரப்பட்டது. இம்மரபணு இருந்தால், புழு குத்திய இடத்திலுள்ள செல்கள் தாமே மடிந்து புழுவைப் பட்டினி போடுகின்றன. உலகின் பல பகுதிகளில் இதைக்கொண்ட வீரிய ஒட்டு ரகங்கள் விற்பனையில் உள்ளன. ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு. மண்ணின் வெப்பம் 28 டிகிரி சென்டிகிரேடுக்கு மேல் போனால் இதன் எதிர்ப்புச் சக்தி தளர்ந்துவிடுகிறது. நம் கோடையில் மேல்மண் அந்த அளவை எளிதில் தாண்டிவிடும். கூடுதல் விலை கொடுத்து 'நூற்புழு எதிர்ப்பு' ரகம் வாங்கி, மாசி, பங்குனியில் நடுவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

எம்.ஐ. ஒன்றையே நம்பி நிற்க முடியாது என்பதால்தான், இராட்சத செல்களுக்குள் வேறு மரபணுக்களைத் தேடும் வேலை முக்கியமாகிறது. எந்த மரபணு அந்த ஐந்தாறு செல்களில் மட்டும் மாறுகிறது என்று தெரிந்தால், பயிர்ப்பெருக்க வல்லுநர்கள் ஆயிரக்கணக்கான மரபணுக்களில் எதைப் பின்தொடர்வது என்று தீர்மானிக்கலாம். டி.பி.எக்ஸ்.1 பற்றிய செய்தி சோதனைச் சாலைச் செடிகளில் கண்டது. விதைக் கடையில் கிடைக்கும் ரகம் அன்று. அப்படிச் சொல்லி எவரேனும் விதை விற்றால் வாங்க வேண்டாம்.

தோட்டத்தில் செய்ய வேண்டியது

முந்தைய பயிர் முடிந்ததும் பத்துப் பதினைந்து செடிகளைப் பல இடங்களிலிருந்து பெயர்த்து வேரைப் பார்ப்பது நல்லது. கையால் பிடுங்கினால் முடிச்சுள்ள பக்க வேர்கள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும். மண்வெட்டியால் தோண்டியே எடுக்க வேண்டும். பயறு வகைகளில் காணும் நல்ல முண்டுகளை இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. தழைச்சத்தைச் சேர்க்கும் அந்த முண்டு, விரலால் உருட்டினால் வேரிலிருந்து கழன்று வரும்; வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நூற்புழு முடிச்சு வேரின் வீக்கமே ஆதலால் வேரை அறுக்காமல் கழலாது.

முடிச்சு கண்ட நிலத்தில் அடுத்தும் தக்காளி, கத்தரி, வெண்டை என்று வைப்பது புழுவுக்கு விருந்து வைப்பதாகும். வேர்களைத் திரட்டி உலர்த்தி எரித்துவிட்டு, கோடையில் இரண்டு மூன்று முறை உழுது மண்ணைக் காய விடலாம். வசதி உள்ளவர்கள் நீர் தேக்கி நெல் வைக்கலாம். செண்டுமல்லியும் இப்புழுவைக் குறைக்கும். நாற்று மூலமாகவே புழு பெரும்பாலும் புது நிலத்திற்குப் போகிறது. எனவே நாற்றங்கால் மண்ணை ஈரப்படுத்தி, கண்ணாடி போன்ற மெல்லிய பாலிதீன் தாளால் மூடி, கோடை வெயிலில் சில வாரங்கள் வைத்திருந்து அதன் பிறகு விதைக்க வேண்டும். நடவு வயலில் வேப்பம் பிண்ணாக்கும், புழுவின் முட்டைகளை அழிக்கும் பர்பூரியோசிலியம் லிலாசினம் என்ற பூசணமும் பயன்தரும். இட வேண்டிய அளவு மண்ணுக்கும் பயிருக்கும் ஏற்ப மாறுவதால் அருகிலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளவும்.

ஐயமிருப்பின் மண்ணைச் சோதனைக்கு அனுப்பலாம். வாடிய திட்டின் ஓரங்களில், வேர் ஓடும் ஆழத்தில், 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை தோண்டிப் பல இடங்களில் மண் எடுத்துக் கலந்து, அதில் ஏறத்தாழ கால் கிலோவைச் சில வேர்களோடு பாலிதீன் பையில் கட்டவும். உரச்சத்துச் சோதனைக்குச் செய்வதுபோல் மண்ணை உலர்த்தக் கூடாது. வெயிலிலும் வைக்கக் கூடாது. உயிருள்ள புழுக்களையே சோதனைச் சாலையில் பிரித்து எண்ணுவார்கள். பயிர், முந்தைய பயிர், நிலத்தின் அடையாளம் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதிய சீட்டைப் பையின் வெளியே கட்டவும். உள்ளே வைத்தால் மண்ணின் ஈரத்தில் நைந்து எழுத்துத் தெரியாமல் போய்விடும்.